வேஷத்தில் பேசக் கூடாது

வாயை நன்றாகத் திறங்க ஐயா என்று சொல்வது என் வேலை. இன்றைக்கு நான் சொல்லவில்லை, பல் டாக்டர் மேடமே சொல்லிவிட்டு என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறார். பார்க்கட்டும். இந்த ஆள் வாசலில் செருப்பைக் கழற்றுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த நிமிஷமே எனக்குத் தொண்டை வலி வந்துவிட்டது. இப்பத்தானே நல்லாப் பேசிக்கிட்டிருந்த என்று மேடம் கேட்டதற்கும் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். முகத்துக்கு மாஸ்க் இருக்கிறது, தலைக்குத் தொப்பி இருக்கிறது, கைக்கு உறை இருக்கிறது. குரலுக்குப் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. சீட்டில் பரமராசு, வெள்ளப்பாறைப்பட்டி என்று எழுதியிருக்கிறது. சீட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். போன வருஷம் அந்த ஊர் முத்தாலம்மன் திருவிழாவில் கமிட்டித் தலைவராகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்றவர் இவர்தான். மேடையில் நின்றது நான். என் முகத்தைப் பார்த்த ஊர்கள் எத்தனையோ உண்டு. அவர்கள் பார்த்த முகத்தில் பாதி பவுடர், பாதி ஜிகினா, அதை வைத்து ஒருவனும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. என் குரலைக் கேட்ட ஊர் அது ஒன்றுதான். அதிலும் பக்கத்தில் நின்று கேட்டவர் இவர். நான் ஒரு வார்த்தை பேசினால் போதும், என் பிழைப்புக்கும் கேடு, எனக்கு முகமே தெரியாத ஒரு பெண்ணின் உயிருக்கும் கேடு. அதனால் பேச மாட்டேன். இவர் வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சுவேன், பஞ்சை மாற்றுவேன், கேட்டதை எடுத்துக் கொடுப்பேன், பேச மாட்டேன்.

கீழ்த் தாடையில் இடது பக்கத்துக் கடைவாய்ப் பல். உள்ளே சீழ் பிடித்து, ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று மேடத்திடம் சொன்னபோது குரல் தழுதழுத்தது. மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. மேடம் பல்லைக் குடைந்து வேரைத் திறந்துவிட்டார். இனி அந்தத் தலைமுடி மாதிரியான கம்பிகளை ஒவ்வொன்றாக விட்டு வேரைச் சுத்தம் பண்ண வேண்டும், நடுநடுவே மருந்துத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும், அந்தத் தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் நான் உறிஞ்ச வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கிறது. தலைக்கு மேலே இருக்கிற பெரிய விளக்கின் வெளிச்சம் முழுக்க இவர் முகத்தில். அன்றைக்கு வெளிச்சத்தில் நின்றவள் நான், இருட்டில் நின்றவர் இவர். இன்றைக்கு மாறிவிட்டது, அது எனக்குச் சௌகரியம். ஆனால் படுத்திருக்கிறவர்களுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது, மேலே இருக்கிற இரண்டு ஜோடிக் கண்களைத் தவிர? எல்லாப் பேஷண்டும் பயத்தில் மேடத்தின் கண்ணைப் பார்ப்பார்கள். இந்த மனிதர் என் கண்ணைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுச் சட்டென்று இறுக மூடிக்கொள்கிறார். மறுபடி திறக்கிறார். நான் பஞ்சுத் தட்டைப் பார்க்கிறேன். பஞ்சு பஞ்சாகத்தான் இருக்கிறது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்க்கிறேன்.

இங்கே நான் வசு. வசுமதி என்ற பெயரில் பாதியை மேடம் முதல் நாளே வெட்டிவிட்டார். தெருவில் போனால் பல் ஆஸ்பத்திரி அக்கா. வீட்டு ஓனருக்கு நர்ஸம்மா. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த மனுஷனுக்குக் காதில் ஏறாது, ஏறாமல் இருப்பது எனக்கும் நல்லதுதான். அங்கே நான் ரோஷ்னி. ஆட்டக் குழுவை நடத்துகிற சகாயம் மாஸ்டர் வைத்த பெயர். திருவிழாவுக்குத் திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சி என்று போஸ்டர் ஒட்டுவார்களே, அதில் ஆடுகிறவள். குட்டைப் பாவாடை, தோல் நிறத்தில் கழுத்து வரைக்கும் ஒரு இறுக்கமான உள்ளுடை, அதற்கு மேலே ஜிகினா. கீழே நின்று என்னென்னவோ கத்துவார்கள். கத்தட்டும். எனக்கு ஆடப் பிடிக்கும். இதை யாரிடமும் சொன்னது இல்லை, சொன்னால் நம்பமாட்டார்கள். வறுமை என்று சொன்னால் உடனே நம்புவார்கள், உச்சுக் கொட்டுவார்கள். பாட்டு ஆரம்பித்து முதல் அடி விழும்போது இடுப்புக்குக் கீழே ஒரு பாரம் இறங்குமே, அது வாரம் முழுக்க இந்த ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்ந்த பாரம். ஒரு தடவை எதிர்ச் சுவரில் எங்கள் குழுவின் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். என் படம், ஆள் உயரத்துக்கு. மேடம் காரிலிருந்து இறங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் துடைத்த கண்ணாடிக் கதவையே மறுபடி துடைத்தேன். கடைசியில், "பாரேன் வசு, இந்தப் பொண்ணுக்கு மேல் வரிசை எவ்வளவு நல்லா இருக்குன்னு," என்றார். ஆமா மேடம் என்றேன். அன்றையிலிருந்து மேடத்துக்கு எதிரில் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

மேடத்துக்குத் தெரிந்தவரை சனிக்கிழமை சாயங்காலம் நான் கல்யாண வீடுகளில் பரிமாறப் போகிறேன். குழுவுக்குத் தெரிந்தவரை பகலில் நான் தூங்குகிறேன். இரண்டில் எதை அதிகமாக மறைக்கிறேன் என்று யாராவது கேட்டால் பகலைத்தான் சொல்வேன். ஆட்டக்காரியாக இருப்பது மேடத்துக்குத் தெரிந்தால் ஒரு வேலை போகும், அழுதுவிட்டு இன்னொன்று தேடலாம். பகலில் எங்கே இருக்கிறாள் என்று மேடைக்குக் கீழே நிற்கிறவனுக்குத் தெரிந்தால் அப்புறம் எந்த வேலையும் கிடையாது. ஜான்சிக்கு அப்படித்தான் ஆயிற்று. ஜான்சி என்னோடு ஆடினவள், ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நின்றாள். ஒருவன் பார்த்துவிட்டான். அவன் நாலு பேரைக் கூட்டி வந்தான். தகராறு ஒன்றும் பண்ணவில்லை, மரியாதையாகத்தான் வந்தார்கள். இந்தச் சேலைய நீங்க மேல போட்டுக் காட்டுங்க சிஸ்டர், வீட்டுக்காரிக்கு எடுக்கணும், இன்னொரு தடவை திரும்புங்க. தினமும் வந்தார்கள். ஒரு சேலையும் வாங்கவில்லை. மூன்றாவது வாரம் முதலாளி கூப்பிட்டு, உன் பேரில் ஒரு தப்பும் இல்லம்மா, ஆனா நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஒரு தப்பும் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார். அதிலிருந்து எங்கள் குழுவில் யாரும் யாரையும் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்பதில்லை. வேன் வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும், அவரவர் எங்கிருந்தோ வந்து ஏறுவோம், திரும்பி வந்து எங்கேயோ இறங்கிப் போவோம். எனக்குப் பல் வலித்தாலும் தைலம்தான் தேய்த்துக்கொள்வேன், பல்லைப் பற்றி வேனில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

மேடம் கையை நீட்டுகிறார், நான் அடுத்த கம்பியை வைக்கிறேன். "கொஞ்சம் குத்தற மாதிரி இருக்கும், பொறுத்துக்கங்க," என்கிறார். பரமராசு ம் என்கிறார். இடது கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் ஒழுகிக் காதுக்குள் போகிறது. வலியாக இருக்காது, மரத்துப்போயிருக்கிறது. துடைக்க வேண்டியதும் என் வேலைதான். பஞ்சை எடுத்து ஒற்றுகிறேன், தலையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார், வேண்டாம் வேண்டாம் என்கிற மாதிரி. எதை வேண்டாம் என்கிறார்? கண்டுபிடித்துவிட்டாரா? கண்டுபிடித்து, இரு, எழுந்து வைத்துக்கொள்கிறேன் என்கிறாரா? அன்றைக்கும் இந்தக் கண்ணில் தண்ணீர்தான். இப்படிப் படுத்துக்கொண்டு பார்க்கவில்லை, அண்ணாந்து நின்று பார்த்தார்.

எந்த ஊரானாலும் முதல் பாட்டு அம்மன் பாட்டு. அது இல்லாமல் ஆடல் பாடல் கிடையாது. குழுவில் அம்மன் வேஷம் எனக்குத்தான், உயரம் இருக்கிறது, அசையாமல் நிற்கத் தெரியும். மஞ்சள் சேலை, இடுப்பில் வேப்பிலை, முகம் முழுக்க மஞ்சள், வெள்ளிப் பேப்பர் ஒட்டின கிரீடம், தகரத்தில் சூலம். வேஷம் போடுகிறவள் அன்றைக்குக் கறி மீன் தொடக்கூடாது, வேனிலிருந்து இறங்கும்போதே செருப்பை விட்டுவிட வேண்டும். மாஸ்டர் சர்ச்சுக்குப் போகிற ஆள், ஆனால் இதில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. இன்னொரு கண்டிப்பும் உண்டு. வேஷத்தில் பேசக் கூடாது. "வாயத் தொறந்தா நீ மனுஷி. மூடியிருந்தா நீ சாமி. அவ்வளவுதான் வித்தியாசம், கெடுத்துராத," என்பார். நான் மேடையில் வந்து நின்றால் கற்பூரத்தை ஏற்றிவிடுவார்கள். பொம்பளைகள் குலவை போடுவார்கள், சிலருக்கு அருள் வரும், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார்கள், நான் குங்குமம் கொடுப்பேன். ஒரு பாட்டு முடிந்து, இன்னொருத்தி ஒன்றிரண்டு பாட்டுக்கு ஆடுவதற்குள் மஞ்சளைக் கழுவிவிட்டு ஜிகினாவில் வந்து நிற்பேன். குங்குமம் வாங்கின அதே கை விசிலடிக்க வாய்க்குப் போகும். அதே ஆட்கள், அதே நான். ஆனால் அவர்களைக் கேட்டால் அவள் வேறு இவள் வேறு என்று சத்தியம் பண்ணுவார்கள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். இப்போது அப்படி இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தி எதுவாகவும் ஆகலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அதைப் புரிந்துகொள்ளக் காலம் ஆயிற்று.

வெள்ளப்பாறைப்பட்டியில் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் அணைந்து போயிற்று. லைட் இல்லை, பாட்டு இல்லை, கற்பூர வெளிச்சம் மட்டும். நான் சூலத்தைப் பிடித்தபடி நிற்கிறேன், இறங்கவும் முடியாது. கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்போதுதான் இந்த மனிதர் தட்டோடு மேடையில் ஏறி வந்தார். ஏற வேண்டும் என்று நினைத்து ஏறின மாதிரி இல்லை, கால் தானாகக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. பின்னால் ஒரு மீசைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு கீழேயே நின்றான், அவன் கும்பிடவில்லை. இவர் என் காலடியில் தட்டை வைத்துவிட்டு, "தாயி, எம்மக யாரோ ஒரு பயலோட போயி ஆறு மாசமாச்சு. எங்க இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லு," என்றார். ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. கீழே முன்வரிசையில் நின்ற ஆம்பளைகளின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பாட்டு வந்துவிடாதா என்று பார்த்தேன், வரவில்லை. வாயைத் திறந்தேன். "தேடாத. தேடாதடா. அவ எம்மடியில இருக்கா. தேடிப் போனீங்க, இந்த ஊரு வாசல நான் மிதிக்க மாட்டேன்." என்னைவிட இருபது வயது மூத்த மனிதரை டா போட்டேன். குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. குலவைச் சத்தத்தில் காது அடைத்துப்போயிற்று. இவர் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அப்புறம் லைட் வந்தது, பாட்டு வந்தது, திரைக்குப் பின்னால் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பெரிய அம்மனாடி நீ? நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆனா நம்ம வேனக் கொளுத்துவானுங்க," என்றார். சரி மாஸ்டர், சரி மாஸ்டர் என்று தலையை ஆட்டிக்கொண்டே மஞ்சளைக் கழுவினேன். ஆனால் சொன்னதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை. இப்போதும் படவில்லை.

ஏன் சொன்னேன்? என்னை யாரும் தேடவில்லை, அதனால்தான். பத்தொன்பது வயதில் நானும் ஒருவனோடு கிளம்பி வந்தவள்தான். அவன் சரியில்லை, அது வேறு கதை, அவனை விட்டுவிட்டு வந்து நிமிர்ந்து நிற்கச் சில வருஷம் ஆயிற்று. அந்த வருஷங்களில் தினமும் நினைப்பேன், அப்பா ஒரு தடவையாவது தேடி வந்திருக்கலாமே, பஸ் ஸ்டாண்டில் நின்று யாரையாவது விசாரித்திருக்கலாமே என்று. அழுவேன். என்னை மாதிரியே ஓடிவந்த பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியை அவள் வீட்டார் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிப் போனார்கள். பாசமாகத்தான் கூட்டிப் போனார்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி. அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு அழுகை நின்றுபோயிற்று. என் அப்பா என்னைத் தேடாமல் இருந்தது வெறுப்பினாலா அன்பினாலா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். உயிரோடு இருக்கிறேன். இந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஊரார் எச்சிலை உறிஞ்சிக்கொண்டு, சனிக்கிழமை ஆனால் காலில் சலங்கை கட்டிக்கொண்டு, நன்றாகவே இருக்கிறேன். அந்தப் பெண்ணும் இருக்கட்டும். அதற்கு நான் இங்கே இருப்பது இவருக்குத் தெரியக் கூடாது. ஊர் பேர் தெரியாதவள் சொன்னால் அது வாக்கு. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற வசுமதி சொன்னால் அது வெறும் வாய்க்கொழுப்பு. நீ யார்டி சொல்ல என்று கேட்டுவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். வருகிற சனிக்கிழமை மறுபடி அதே ஊரில் ஆட்டம் இருக்கிறது. வேஷம் போட்டு, வாயை மூடிக்கொண்டு, குங்குமம் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். இடையில் இந்த மனிதருக்குப் பல் வலிக்க வேண்டுமா? மாவட்டம் முழுக்க எத்தனை பல் டாக்டர்கள்.

"என்ன வசு, கனவா? தண்ணி நிக்குது பாரு," என்கிறார் மேடம். ஆமாம், நிற்கிறது. குழாயை உள்ளே விட்டு உறிஞ்சுகிறேன். கர்ர் என்று சத்தம். "தொண்டைக்கு வெந்நீர் குடிச்சியா?" தலையை ஆட்டுகிறேன். "பேசாம இருந்தா நல்லாத்தான் இருக்க," என்று சிரிக்கிறார். நல்ல மனுஷி. தினமும் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் முதல் பல்லைத் தொடுவார். நான் ஆடுவது மேடத்துக்குத் தெரிந்தால் திட்டமாட்டார், அதுதான் பயம். என்னை உட்காரவைத்து எனக்காகவும் ஜெபிப்பார், ஜெபித்து முடித்துவிட்டு வேறு ஆள் பார்ப்பார். பரமராசுவின் சட்டைப் பையிலிருந்து நான் எடுத்துத் தட்டில் வைத்த போன் அடிக்கிறது. அடித்து ஓய்கிறது. மறுபடி அடிக்கிறது. மேடத்துக்கு வேலையின்போது போன் அடித்தால் பிடிக்காது. "எடுத்து, ட்ரீட்மெண்ட்ல இருக்காருன்னு சொல்லிரு. ஓ, உனக்குத்தான் பேச வராதே. கட் பண்ணு." கையுறையைக் கழற்றிவிட்டுத் தொடுகிறேன். அணைக்க வேண்டிய இடத்தில் தொடாமல் அவசரத்தில் எடுக்கிற இடத்தில் தொட்டுவிட்டேன். நான் காதுக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே குரல் வந்துவிட்டது. "மச்சான், எடம் தெரிஞ்சுபோச்சு. திருப்பூர்லதான் இருக்கா. வீடு வரைக்கும் பாத்தாச்சு. சாமி கும்புட்டு முடிச்ச கையோட ஞாயித்துக்கெழம வெள்ளன கெளம்புறோம், வண்டி சொல்லிட்டேன். நீங்க கூட வந்தாப் போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம். மச்சான்? கேக்குதா?"

அணைத்துவிட்டேன். போனைத் தட்டில் கவிழ்த்து வைக்கிறேன். மேடத்துக்குக் கேட்டிருக்காது, கம்பியும் கண்ணுமாக இருக்கிறார். "யாரு?" என்று கேட்டதற்குக் கையை ஆட்டி, யாரோ, தப்பான நம்பர் என்று காட்டுகிறேன். பரமராசு அண்ணாந்து என்னையே பார்க்கிறார். புதுக் கையுறை விரலில் ஏற மாட்டேன் என்கிறது. ஆக, தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். காலில் விழுந்துவிட்டு, ஊர் முன்னாடி குப்புறக் கிடந்துவிட்டு, அப்புறம் எழுந்துபோய் ஆள் வைத்துத் தேடியிருக்கிறீர்கள். மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோமாம். மிச்சம் என்றால் என்ன? அம்மன் சொன்னதே எடுபடவில்லை என்றால் இனிமேல் யார் சொல்லி எடுபடும்? குழாயைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல, கன்னம் ஒட்டிக்கொண்டது, மேடம் என் கையைத் தட்டுகிறார். கோபம் வருகிறது. இந்த வாயை இப்படியே கடைசிவரைக்கும் திறந்துவைத்துவிடலாமா என்று வருகிறது. போலீஸுக்குச் சொல்லலாம். என்ன சொல்ல? பேர் தெரியாத ஒரு பெண், திருப்பூரில் ஏதோ ஒரு வீட்டில். இவர் பேரையும் ஊரையும் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும், நீ யார் என்பார்கள். சரி, சொல்கிறேன் நான் யார் என்று, அவர்கள் எழுதி முடித்துக் கிளம்புவதற்குள் வண்டி போய்ச் சேர்ந்துவிடும். சனிக்கிழமை வரைக்கும் காத்திருந்து வேஷத்தில் சொல்லலாம். ஆனால் வீட்டுக்குப் போனதும் மச்சினன் விஷயத்தைச் சொல்வான், இவர் இன்றைக்கே கிளம்பிவிட்டால்? சாமி சொல்லிப் பார்த்தாயிற்று. இனி மனுஷிதான் சொல்ல வேண்டும். ஜான்சியை நினைக்கிறேன். எதிரே கண்ணாடிக் கதவில் தெரிகிற தெருவை நினைக்கிறேன், அங்கே நாலு பேர் வந்து வரிசையாக நிற்பதை. நிற்கட்டும். வேலை போனால் போகட்டும் என்று வாயளவில் சொல்வது சுலபம், எனக்கு இந்த வேலை வேண்டும், இந்த வாசனை வேண்டும், அக்கா என்கிற பேர் வேண்டும். வேண்டும்தான். இருந்தாலும் சொல்லப்போகிறேன். இவர் கேட்டுத்தான் ஆக வேண்டும், இடது தாடை மரத்துப்போய் எழுந்து ஓட முடியாமல் என் முன்னால் கிடக்கிற இந்த ஒரு நேரத்தை விட்டால் எனக்கு வேறு நேரம் இல்லை.

மேடம் தற்காலிகமாக அடைத்துவிட்டார். அடுத்த அறையில் ஒரு குழந்தை வாயைத் திறக்க மாட்டேன் என்று அலறுகிறது. "ஐயாவ வாய் கொப்புளிக்க வை, நான் அதப் பாத்துட்டு வந்துர்றேன்," என்று போகிறார். கதவு சாத்திக்கொள்கிறது. விளக்கைத் தள்ளுகிறேன், நாற்காலியை நிமிர்த்துகிறேன். பரமராசு கப்பை வாங்கி, கொப்புளித்து, மரத்துப்போன உதட்டில் தண்ணீர் ஒழுகத் தொட்டியில் துப்புகிறார். நான் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிடுகிறேன்.

"ஐயா, உங்க மச்சினன் பேசுனாரு. எடம் தெரிஞ்சுபோச்சாம், திருப்பூராம். ஞாயித்துக்கெழமைக்கு வண்டி சொல்லிட்டாராம்."

தொட்டியிலிருந்து தலையை எடுக்காமல் அப்படியே குனிந்திருக்கிறார்.

"அன்னைக்கு ஒங்களுக்குச் சொன்னது சாமி இல்ல. நான்தான். எம்பேரு வசுமதி, இங்கதான் வேல பாக்குறேன். யார்கிட்ட வேணாலும் போயிச் சொல்லுங்க, கூட்டிட்டு வேணாலும் வாங்க. ஆனா அந்தப் புள்ளய விட்டுருங்க. ஒங்க காலப் புடிச்சுக் கேக்கல. சொல்றேன். விட்டுருங்க."

மெதுவாக நிமிர்கிறார். என் முகத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார். "மொகத்த மூடு," என்கிறார். நாக்கு தடித்துக் குழறுகிறது. "மொதல்ல மொகத்த மூடு தாயி."

அசிங்கமாகப் படுகிறதோ என்று நினைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். அவரே கையை நீட்டி, என் மேல் படாமல் மாஸ்க்கின் நுனியை மட்டும் பிடித்து மேலே ஏற்றிவிடுகிறார்.

"உள்ள வந்து படுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அந்தக் கண்ணு எனக்குத் தெரியாதா? பேசிராத பேசிராதன்னு வேண்டிக்கிட்டுத்தான் கெடந்தேன், நீ பேசிட்ட." உதட்டோரத்தைத் துண்டால் துடைத்துக்கொள்கிறார். "நான் எங்க தேடுனேன்? வீரணன்தான் தேடுறான், எங்க வீட்டுக்காரி தம்பி, அன்னைக்கு மேடைக்குக் கீழ கையக் கட்டிக்கிட்டு நின்னானே, அவன். அவன் எத்தன தடவ வண்டிய எடுத்தான்னு ஒனக்குத் தெரியுமா? தகப்பன் நான் சொல்லிக் கேக்கல, போலீஸுக்குப் போவேன்னு சொல்லிக் கேக்கல. ஆத்தா சொல்லிருச்சுடா, மீறிப் போனா ஊரு வெளங்காதுன்னு சொன்னேன், பொம்பளைக பூராம் எம்பக்கம் நின்னாளுக. அந்த ஒத்த வார்த்தையிலதான் எம்மக உசுரோட இருக்கா. அத இப்ப வந்து சாமி இல்லங்கிற."

மாஸ்க்கின் கயிற்றைக் காதில் சரியாக மாட்டிக்கொள்கிறேன்.

"வேஷந்தான்னு எனக்கும் தெரியும். தெரியாமலா? ஆனா அந்த வேஷத்துக்கு வீடு வாசல் இருக்குன்னு வீரணனுக்குத் தெரியக் கூடாது. நீ இங்க எச்சி தொடைச்சிக்கிட்டு இருக்கன்னு ஒருத்தன் போயிச் சொன்னான்னு வையி, அன்னைக்கே சிரிச்சிக்கிட்டே வண்டி ஏறுவான்." பக்கத்து அறையில் குழந்தையின் அலறல் நிற்கிறது. இவர் குரலைத் தாழ்த்துகிறார். "சனிக்கெழம வர்றீல்ல? நீதான வேஷம்?"

"நான்தான்."

"வருசம் ஓடவும் அவனுக்கு அந்தப் பயம் விட்டுப்போச்சு. அவனக் கூட்டியாந்து முன்னால நிறுத்துறேன். அவன்ட்டயே சொல்லு. அவனுக்கு நேராச் சொல்லு. ஊரு பூராங் கேக்கட்டும்."

மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார். "என்னய்யா, வலி இருக்கா? இது முதல் நாள்தான். இன்னும் ரெண்டு தடவ வரணும். பாதியில விட்டீங்கன்னா பல்லையே எடுக்க வேண்டியதாயிரும்."

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க டாக்டரம்மா," என்கிறார் பரமராசு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "இந்தப் பக்கம் இனி வர்றதுக்கில்ல." போனைத் தட்டிலிருந்து அவரே எடுத்துக்கொள்கிறார். என் பக்கம் திரும்பாமல், ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு வெளியே போகிறார். அந்தப் பல் போய்விடும், எனக்குத் தெரியும், அந்த வேர் அப்படி இருந்தது.

"என்னாச்சு இந்த ஆளுக்கு? நீ ஏதாவது சொன்னியா?" என்கிறார் மேடம். தலையை ஆட்டுகிறேன். அப்புறம், தொண்டை சரியாப் போச்சு மேடம் என்று வாயைத் திறந்தே சொல்கிறேன். சனிக்கிழமை வேஷத்தில் நான் வாயைத் திறக்க வேண்டும் என்றால் பாட்டு பாதியில் நிற்க வேண்டும். மாஸ்டரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஜெனரேட்டர் பார்க்கிறவரிடம் நானே பேசிக்கொள்கிறேன், அவருக்கு என் மேல் மரியாதை உண்டு. நிறுத்தினால் வேனைக் கொளுத்துவார்களோ, குழுவை விட்டு நீக்குவார்களோ, அது அப்புறம். கம்பிகளைக் கழுவப் போட்டுவிட்டு, நாற்காலியைத் துடைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து அடுத்தவர் பெயரைக் கூப்பிடுகிறேன். பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறேன், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சனிக்கிழமைக்கு இந்தக் குரல் போதாது.